வரேன் சார்

பார்வையற்றோர் நூலகத்தில் அவளுக்கு வாசிப்பக்கா என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவாள்.

அச்சிட்ட புத்தகத்தை மைக்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு, அட்டை முதல் அட்டை வரை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அது ஒலிப்பதிவாகிக் கண் தெரியாத வாசகர்களின் வீடுகளுக்குப் போகும். இதுதான் அவள் வேலை. கேட்பதற்குச் சுலபம். தொண்டை காய, முதுகு விட்டுப்போக வாசித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அதற்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில், சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்புரைக்காக அங்கே வந்த நூலகச் செயலாளர், தன் முறை வந்த பிறகும் எழுந்து போகாமல் அடுத்தடுத்த பெயர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஜன்னல் அருகே வந்து குனிந்தார்.

“நீங்க கூப்பிட்டா நோயாளி மட்டுமில்லம்மா, நோயும் எழுந்து வந்துரும் போல. எங்ககிட்ட வந்து புத்தகம் வாசிக்கறீங்களா?”

அவள் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் அவள் எதற்கும் சிரிப்பதில்லை. கட்டிக்கொண்டவன் வேலை என்று கடல் கடந்து போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டான். அவன் கேட்ட விவாகரத்தைக் கொடுத்துவிட்டாள்; அதற்கு மேல் கோர்ட், கேஸ் என்று அலையவில்லை; யாரிடமும் வாய்விட்டு அழவும் இல்லை. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டு மாடியறைக்கு வந்தாள். அதோடு பேச்சையும் சுருக்கிக்கொண்டாள். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சொந்தப் பேச்சுக்குச் செலவாகாத குரல், ஆஸ்பத்திரியை விட்டு நூலகத்துக்கு மாறி, அடுத்தவர்கள் எழுதிய வாக்கியங்களுக்குப் போயிற்று.

ஒலிப்பதிவு அறை முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த இடம். சுவரெல்லாம் கெட்டிப் போர்வை ஒட்டி, ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தார்கள். வாசிக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது. அதன் முனகல் பதிவில் விழுந்துவிடும். உள்ளே அவள், ஒரு மேசை, ஒரு மைக், காதை இறுக்கிப் பிடிக்கும் ஹெட்போன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், வெளியறையில், வாசலுக்கு முதுகு காட்டிக் கம்ப்யூட்டர் முன்னால் காது சார்.

காது சாருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் வருவதைக் கம்ப்யூட்டரே அவருக்கு வாசித்துச் சொல்லிவிடும். அவள் வாசிப்பதைக் கேட்டுப் பிழை பிடிப்பதும், பிழையை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்ப வாசிக்கச் சொல்வதும் அவர் பொறுப்பு. அவர் முன்னாலும் ஒரு மைக் உண்டு. அதில் பேசினால் அவள் ஹெட்போனில் கேட்கும். லகர, ளகர, ழகர விஷயத்தில் அவரிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. ஒருநாள் ‘அவன் வழி தெரியாமல் நின்றான்’ என்பதை அவள் அசதியில் ‘வலி தெரியாமல்’ என்று வாசித்துவிட்டாள்.

“வலி தெரியாம நிக்கறவன் கொடுத்து வச்சவன் மேடம். நம்ம ஆளுக்கு வழிதான் தெரியல. திரும்ப வாசிங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. பிழை வந்தால் இத்தனை பேசுகிற மனிதர், நன்றாக வாசித்த நாளில் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. சாயங்காலம் கடைசி வரியை முடித்த கையோடு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, புழுக்கம் தாங்காமல் வெளியே வருவாள். அவர் முதுகைப் பார்த்து, “வரேன் சார்,” என்பாள்.

“ம்,” என்பார் அவர். திரும்பக்கூட மாட்டார்.

வருஷக்கணக்காக அந்த ஒற்றை ‘ம்’தான் அவளுக்குக் கிடைத்த விடை. ‘தலைக்கனம் பிடித்த மனுஷன்’ என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒரு தடி நாவலில், வீட்டைவிட்டுப் போன மகள் பல வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே தாய் எழுந்து நடந்து வருகிறாள். அந்த இடத்தில் பதிவு சட்டென்று நின்றது. “டிஸ்க்கில் இடம் இல்லை,” என்று கம்ப்யூட்டர் தன் உணர்ச்சியற்ற குரலில் அறிவித்தது.

“அந்தம்மா கதவைத் திறக்கறதுக்குள்ள இது இழுத்து மூடிருச்சே,” என்றார் காது சார்.

வேண்டாததை எல்லாம் எடுத்துப் போட்டார்கள். குப்பைத்தொட்டியைக் காலி செய்தார்கள். செயலாளர் தன் பேத்தியின் படங்களை அந்தக் கம்ப்யூட்டரில்தான் சேர்த்துவைத்திருந்தார். “அவ அவ்வளவு இடம் அடைக்க மாட்டாளே,” என்று முனகிக்கொண்டே அவற்றை வேறு இடத்துக்கு மாற்றினார். கொஞ்சம் இடம் கிடைத்தது. அரை நாள் வாசிப்புக்குள் அதுவும் போயிற்று. திரும்ப எதையோ அழித்தார்கள், திரும்ப நிரம்பியது. ஓட்டைப் பானை எப்போதும் காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள், எப்போதும் நிரம்பியே இருக்கும் பானையை இப்போதுதான் பார்க்கிறார்கள்.

கடைசியில் எதிர்ச் சாரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சர்வீஸ்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் வந்த அன்று காது சார் லீவு. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தார். அதனால் கூட உட்கார வேண்டிய பொறுப்பு வாசிப்பக்கா தலையில் விழுந்தது.

சர்வீஸ்காரம்மாவுக்குக் கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து அளவு பார்த்தாள். புருவம் சுருங்கிற்று.

“அக்கா, முடிஞ்ச புத்தகம், கடிதம், கணக்கு, எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தேன். பாதி டிஸ்க்குகூட வரல. ஆனா முழுசா ரொம்பிக் கிடக்குன்னு இது சத்தியம் பண்ணுது.”

“அப்படின்னா?”

“வீட்டுல எல்லா ரூமையும் சேர்த்துப் பார்த்தா பாதி வீடுதான் வருதுன்னு வைங்க. மீதி எங்க? கதவு தெரியாத ரூம் ஒண்ணு எங்கயோ இருக்கு. மொத்தமா தொடச்சுட்டுப் புதுசா போட்டுறலாம், அது சுலபம். ஆனா என்னன்னு தெரியாம தொடச்சா எனக்கு மண்டை வெடிச்சுரும்.”

கழுத்தில் தாயத்து மாதிரி தொங்கிக்கொண்டிருந்த பென் டிரைவைச் செருகினாள். டிஸ்க்கில் உள்ள ஒவ்வொன்றையும் அதன் பருமனுக்கு ஏற்பக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டும் மென்பொருள் அதில் இருந்தது. திரையில் வண்ண வண்ணக் கட்டங்கள் வந்தன. எல்லாம் தெரிந்தவைதான். புதிதாக ஒன்றும் இல்லை.

“ஓ, அப்படியா சேதி? நாம வாடகைக்கு இருக்கற ஆளாட்டம் பார்த்துட்டு இருக்கோம். எல்லாக் கதவும் திறக்காது. இப்ப வீட்டு ஓனரா உள்ள போவோம்.”

அட்மின் அனுமதி கொடுத்து மறுபடி ஓட விட்டாள். இந்த முறை பழைய கட்டங்கள் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிக்கொள்ள, நடுவில் பிரம்மாண்டமாக ஒரே ஒரு சாம்பல் கட்டம் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. சர்வீஸ்காரம்மா தொடையில் தட்டிக்கொண்டாள்.

“மாட்டிக்கிட்டார் பாருங்க!”

ஒலிப்பதிவு மென்பொருள் தனக்கென்று வைத்திருந்த மறைவான ஃபோல்டர் அது. பிழையான இடங்களைக் காது சார் வெட்டி எறியும்போதெல்லாம், அது திரையிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு, அசல் பதிவை உள்ளே ஒளித்துவைத்திருந்தது.

“நீங்க அழிச்சதை இது அழிக்கவே இல்லக்கா. பின்னாடி என்னிக்காவது வேணும்னு வந்து நிப்பீங்களாம். எங்க மாமியார் காலி டப்பாவைச் சேர்த்து வைக்கற மாதிரி. போதாக்குறைக்கு உங்க மைக்கோட வெளிய இருக்கற மைக்கையும் சேர்த்துப் பதிவு பண்ணியிருக்கு. ஆரம்பத்துல யாரோ ரெண்டுக்கும் டிக் போட்டுட்டாங்க. அதான் ரெண்டு மடங்கு. அழிச்சுறட்டுமா?”

வாசிப்பக்கா தயங்கினாள். “புத்தகத்துக்கு வேண்டியது ஏதாவது அதுல இருந்துட்டா? ஒரு தடவை கேட்டுப் பார்த்துறேனே.”

“கேளுங்க. நான் சாப்பிட்டுட்டு வரேன்.”

அவள் காது சாரின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள். முதலில் இருமல். பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு, “சே, எத்தனை தடவை!” என்று தன்னையே திட்டிக்கொள்ளும் ஒரு பெண். எங்கோ ஓரிடத்தில் அந்தப் பெண் புத்தகத்தில் வந்த ஏதோ ஒரு வேடிக்கைக்கு அடக்க மாட்டாமல் சிரித்தாள். அது தன் சிரிப்புதான் என்று உணர அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. இவ்வளவு பெரிய சிரிப்பு தனக்குள் எங்கே இருந்தது?

அந்த நாளின் பதிவு முடிவுக்கு வந்தது. கடைசி வரியை வாசித்தாயிற்று. ஹெட்போனை மேசையில் வைக்கும் ‘தொப்’பென்ற ஒலி. நிறுத்தப் போனவள், ஓர் ஆண் குரல் கேட்டுக் கையை எடுத்தாள்.

“இன்னிக்கு ஒரு பிழைகூட இல்ல மேடம். நான் பிழை பிடிக்கறதையே மறந்துட்டுக் கதை கேட்டுட்டு இருந்தேன். ரொம்ப நல்லா வாசிச்சீங்க.”

காது சார், தன் மைக்கில். அப்புறம் கதவு கிரீச்சிட்டது. “வரேன் சார்.” “ம்.” பதிவு நின்றது.

அவள் அடுத்ததைத் திறந்தாள். நேரே கடைசிக்குப் போனாள்.

“மண் வாசனை வருது மேடம். குடை இருக்கா? இல்லன்னா மேஜை மேல என்னோடது இருக்கு, எடுத்துக்குங்க.”

“வரேன் சார்.” “ம்.”

இன்னொன்று. “தொண்டை கட்டியிருக்கு. வெந்நீர் குடிங்க. நாளைக்கு முடியலன்னா வராதீங்க, செயலாளர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

இன்னொன்று. “அந்தக் குழந்தை போயிடற இடத்துல உங்களுக்குக் குரல் உடைஞ்சுது. வெட்டிட்டேன். வெட்டறதுக்கு எனக்கு மனசே வரல.”

திறக்கத் திறக்க வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளின் வாலிலும் அந்த மனிதர் ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தார். அவள்தான் கடைசி வரி முடிந்த நொடியில் ஹெட்போனைக் கழற்றியிருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் காதில் அது இல்லை என்பது பார்வையில்லாத அவருக்கு எப்படித் தெரியும்? அந்தத் ‘தொப்’பை அவர் புத்தகம் மூடும் சத்தம் என்றே நினைத்திருப்பார். கதவைத் திறந்துகொண்டு வந்து அவள் சொன்ன ‘வரேன் சார்’தான் அத்தனைக்கும் பதில் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். பேச வேண்டியதை எல்லாம் மைக்கில் பேசி முடித்துவிட்டவர், அதற்கு மேல் ‘ம்’ என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்?

பிறகு அந்த ஒரு நாள் வந்தது. குரலைச் செருமிக்கொண்டு, புத்தகம் வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிதானமாகக் கேட்டிருந்தார்.

“மேடம், எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போறேன். நீங்களும் வரீங்களா? வேலை விஷயமா இல்ல. சும்மாதான்.”

கதவு கிரீச்சிட்டது.

“வரேன் சார்.”

“ம்!” அன்றைய ‘ம்’மில் மட்டும் ஒரு துள்ளல். நாற்காலி பின்னுக்குத் தள்ளப்பட்டது. கைத்தடி எதிலோ மோதிற்று. அவசரமாகப் பட்டனைத் தேடும் விரல்களின் சத்தத்தோடு பதிவு முடிந்தது.

அவள் அடுத்த நாளின் வாலைத் தேடினாள். ‘தொப்’பென்ற ஒலியை அடுத்து அந்தக் குரல் வந்தது.

“நேத்து டீ ஆறிப்போச்சு. பரவாயில்ல மேடம். வேற வேலை வந்திருக்கும்.”

“வரேன் சார்,” என்றாள் பதிவில் இருந்தவள், கல் மாதிரி.

அதன் பிறகு அவர் டீக்குக் கூப்பிடவே இல்லை. ஆனால் மழையைப் பற்றியும் தொண்டையைப் பற்றியும் சொல்வதை விடவில்லை. வாசிப்பக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சர்வீஸ்காரம்மா ஏப்பம் விட்டபடி திரும்பி வந்து, அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

“ஐயோ, புத்தகம் போயிருச்சாக்கா?”

“இல்ல. எல்லாம் இருக்கு. இன்னிக்கு ஒண்ணையும் அழிக்காதீங்க. நாளைக்கு வாங்க.”

மறுநாள் காது சார் வீங்கிய கன்னத்தோடு வந்தார். அவள் ஒலிப்பதிவு அறைக்குள் போகாமல் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இடத்தைத் தின்னது யாருன்னு தெரிஞ்சுபோச்சு சார்.”

“யாரு, செயலாளர் பேத்தியா?”

“நீங்கதான்.”

அவர் திகைத்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மறைவான ஃபோல்டர், இரண்டு மைக், ஒவ்வொரு நாளின் கடைசி. கடைசியாக ஹெட்போனைப் பற்றிச் சொன்னாள்.

“கடைசி வார்த்தை வந்ததும் கழட்டிருவேன் சார். உள்ள வெந்து போகுது. நீங்க பேசினது எதுவுமே என் காதுல விழல. ஒண்ணுகூட.”

“குடை?”

“நனைஞ்சுட்டேதான் போனேன்.”

அவர் மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்த... வரேன் சார்?”

“அது வீட்டுக்குப் போயிட்டு வரேன்னு சொன்னது.”

அவருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். “ஐயோ மேடம், சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சுரும். அன்னிக்கு ரெண்டு டீ சொல்லி வச்சேன். ஆறினதும் ரெண்டையும் நானே குடிச்சேன். வீட்டுக்குப் போயி தூக்கமே வரல. டீயாலயா, வருத்தத்தாலயான்னு இன்னி வரைக்கும் தெரியல.”

“என்னைத் திட்டியிருக்கலாமே?”

“எதுக்கு? ‘வரேன்’னு நீங்க தினமும் ஒரே மாதிரிதான் சொல்வீங்க. அதுல கோபம் இருக்கான்னு தேடுவேன், இருக்காது. பிரியம் இருக்கான்னு தேடுவேன், அதுவும் இருக்காது. சரி, நம்ம காது அவ்வளவுதான்னு விட்டுட்டேன்.”

“உங்க ‘ம்’முல தலைக்கனம் இருக்குன்னு நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்.”

“‘ம்’முலயா? ஒரு எழுத்துல எவ்வளவு கனத்தைத்தான் மேடம் வைக்க முடியும்?”

அவள் சிரித்தாள். பதிவில் கேட்ட அதே பெரிய சிரிப்பு. காது சார் தலையைச் சற்றே சாய்த்து, அது முடியும்வரை அசையாமல் இருந்தார்.

“இப்ப டீ குடிக்கப் போலாமா சார்?” என்றாள். “நிஜமாவே வரேன்.”

“சூடா எதுவும் குடிக்கக் கூடாதுன்னு பல் டாக்டர் சொல்லியிருக்காரே.”

“ஆற வச்சுக் குடிங்க. உங்களுக்குப் பழக்கம்தானே.”

சாலையைக் கடக்க அவள் முழங்கையைக் கொடுத்தாள், அவர் பிடித்துக்கொண்டார். வழியை என்னவோ அவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார், “அந்தச் சாக்கடை மூடி ஆடும், தாண்டி வாங்க,” என்று. கடைக்காரர் இரண்டு டீயை வைத்துவிட்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. சர்வீஸ்காரம்மா நூலக வாசலில் காத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்காவது அழிக்கலாமா?”

“அழிச்சுருங்க,” என்றார் காது சார். “நாவல் பாதியில நிக்குது. கேக்கறவங்க காத்துட்டு இருப்பாங்க.”

வாசிப்பக்காவுக்கு மனம் வரவில்லை. “அந்த டீ நாளை மட்டும் வச்சுக்கலாமே சார்.”

“எது, நான் ஏமாந்த நாளையா? வேண்டாம் மேடம். பேசறதுக்கு ஆள் பக்கத்துலயே இருக்கேன்.”

அவளே பட்டனை அழுத்தினாள். சாம்பல் கட்டம் கலைந்தது. பாதி டிஸ்க்குக்கு மேல் காலியாக இருப்பதாகக் கம்ப்யூட்டர் வாசித்தது. இரண்டாவது மைக்கின் டிக்கை எடுத்துவிட்டுச் சர்வீஸ்காரம்மா கிளம்பினாள். அன்று மாலையே அந்த நாவலில் தாய் கதவைத் திறந்தாள்.

டீ பழக்கமாயிற்று. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் நடப்பதும் பழக்கமாயிற்று. தங்கை முதலில் மூக்கைச் சுளித்தாள். “யோசிச்சுத்தான் பண்றியாக்கா? ஒருத்தர்கிட்ட பட்டது போதாதா?” என்றாள். ஆளைப் பார்த்துவிடலாம் என்று வீட்டுக்குக் கூப்பிட்டாள். காது சார் வந்து உட்கார்ந்த சற்று நேரத்திலேயே, “உங்க சமையலறைச் சுவருக்குள்ள தண்ணி கசியுதுங்க,” என்றார். யாரும் நம்பவில்லை. குழாய்க்காரர் வந்து சுவரை உடைத்தபோது உள்ளே ஊறிப்போயிருந்தது. அதற்குப் பிறகு தங்கை புருஷனுக்கு அவர் என்றால் உயிர். எந்தச் சாமான் வாங்கினாலும் தட்டிக் காட்டி அபிப்பிராயம் கேட்பார். தங்கை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் விறைப்பாக இருந்தாள். ஒரு மாலை, மாடியறையில் அக்கா போனில் பேசிச் சிரிப்பதைப் படிக்கட்டில் நின்று கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனாள். மறுநாள், “தேதி பாத்துட்டீங்களா?” என்று அவளாகவே கேட்டாள்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். செயலாளர் சாட்சி. நூலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு பார்த்துக் குடிபோனார்கள். வீட்டில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவளும் இப்போதெல்லாம் முதல் அழைப்பிலேயே திரும்பினாள். வேலையில் மட்டும் பழையபடி மேடம்தான், பழையபடி கறார்தான். ழகரம் வழுக்கினால் திரும்ப வாசிக்க வேண்டும். கல்யாணமெல்லாம் அங்கே செல்லாது.

அந்த வருஷம் செயலாளருக்கு ஒரு வாசகி போன் செய்தார். பல வருஷமாக வாசிப்பக்காவின் புத்தகங்களை மட்டுமே கேட்டு வருபவர்.

“அந்தம்மா குரல் கொஞ்ச நாளா வேற மாதிரி இருக்குங்க. சோகமான இடத்துலகூட ஒரு தெம்பு தெரியுது. உடம்பு கிடம்பு நல்லாத்தானே இருக்காங்க?”

செயலாளர் போனைக் கையால் மூடிக்கொண்டு, எதிரே நின்றவளைப் பார்த்தார். “உன்னைத்தான்மா கேக்கறாங்க. என்ன சொல்ல?”

“நல்லா இருக்கேன்னு சொல்லுங்க சார்,” என்றாள் அவள். சொல்லிவிட்டு, கையில் இருந்த புதுப் புத்தகத்தோடு உள்ளே போனாள்.